அழ முடியாத குழந்தை

நெஞ்சில் கத்தி பட்டதும் மானிட்டரில் இதயத் துடிப்பு எகிறியது. குழந்தையின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "சமத்து" என்றார் டாக்டர்.

தொண்ணூறுகளில், கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் வார்டு. நான் அங்கே நர்ஸ். வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டும் குழந்தைக்கு, உடம்பை அசையவிடாத ஊசி ஒன்று போடுவோம். அது தசையைத்தான் கட்டிப்போடும், வலியைத் தொடாது. பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனாலும் அசையாத குழந்தைக்கு வலிக்கவில்லை என்பதே வார்டின் வழக்கம்.

அந்தப் பெண் குழந்தையின் ஊர் வெள்ளகோவில். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததால், நெஞ்சைக் கீறி டியூப் போட்டோம். டாக்டர் "சமத்து" என்றது அப்போதுதான். உயிர் போகிற அவசரம். மரத்துப்போகும் ஊசி போடாமல் கீறியதைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் காலை டியூப் அடைத்துக்கொண்டது. வேறு போட வேண்டும். இம்முறை அவசரம் இல்லை. டாக்டர் காபி குடித்துவிட்டுத்தான் வந்தார்.

"சார், மரத்துப்போற ஊசி எடுத்து வெச்சிருக்கேனுங்க."

"எதுக்குங்க சிஸ்டர்? நேத்து அழுதாளா? சமத்தாத்தானே இருந்தா."

பால் கொண்டுவந்த தாய் பக்கத்தில் நின்றிருந்தாள். "ஏனுங்க, ஓட்டை போட்டா இவளுக்கு வலிக்காதுங்களா?"

"இந்த சைஸுக்கு வலியெல்லாம் தெரியாதுங்க அம்மணி."

"வலிக்குமுங்க" என்றேன். "அழுக முடியாம மருந்து போட்டிருக்குது."

"சிஸ்டர், நீங்க வெளிய போங்க."

"அவங்க எதுக்குங்க போகோணும்?" என்றாள் தாய். "அந்த ஊசியப் போட்டுப்போட்டு வேலையப் பாருங்க. இல்லீன்னா உங்க கையில ஒருக்கா கீறிக் காட்டுங்க. நீங்க எத்தன சமத்துன்னு நானும் பாக்கறேன்."

டாக்டர் என் கையிலிருந்து சிரிஞ்சைப் பிடுங்கினார். அதைப் போட்டு, மரத்துப்போகக் காத்திருந்து கீறினார். துடிப்பு ஏறத்தான் செய்தது. முந்தைய நாள் உயரத்துக்குப் போகவில்லை.

"பெத்தவங்க முன்னால டாக்டரை மாட்டி விடுவீங்களா?" என்று கேட்டு, மேட்ரன் என்னை ஓ.பி.க்கு மாற்றினார். டாக்டரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

டிஸ்சார்ஜ் நாளன்று தாய் குழந்தையோடு ஓ.பி.க்கே வந்தாள். அது வீறிட்டுக் கத்தியது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லாக் கத்தட்டுமுங்க. நீங்க கேக்கோணும்னுதான் தூக்கிட்டு வந்தேன்."

ஒரு சின்ன ஊசி. சில நிமிஷக் காத்திருப்பு. அதை மிச்சம் பிடித்து என்ன சாதித்தோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. புதிதாக வார்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அசையவிடாத மருந்து எழுதியிருந்தால், வலிக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவசரம் இல்லாதபோது, பதில் வரும்வரை கத்தியை எடுத்துக் கொடுக்காதீர்கள்.