தனிக் குவியல்

உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்குக் காபி கொடுக்கிற தம்ளர் எங்கே இருக்கிறது? மற்ற தம்ளர்களோடா, தனியாகவா?

பழனியாத்தாளின் அம்மா காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையாள். அவருக்குக் கம்பங்கூழ் ஊற்றும் மண்சட்டி மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். வீட்டுச் சட்டிகளோடு கலந்துவிடக் கூடாதென்று அதில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி.

ஐம்பது வயதில் பழனியாத்தாளுக்கு நொய்யல் கரை அகழாய்வில் பானை ஓடு கழுவும் வேலை கிடைத்தது. இப்போது குழிகளை மூடிச் சோளம் விதைத்துவிட்டார்கள். ஆனாலும் பஸ்ஸில் அந்த வழியே போனால் அவர் ஜன்னலோரம்தான் உட்காருவார். "உள்ள கறுப்பு, வெளிய செவப்பு. ஈரத்துல நாவப்பழமாட்ட மின்னுமுங்க. ஒரு ஓட்டுல செஞ்சவங்க வெரல் பதிஞ்சிருந்துச்சு. என் வெரல வெச்சேன், பொருந்திப்போச்சு."

அகழாய்வு நடந்தபோது ஒரு சாயங்காலம் ஆய்வு மாணவி அன்புக்கரசி, குழிவாரியாக வைத்திருந்த ஓட்டுக் கூடைகளைப் பார்த்தாள். கீறல் குறி உள்ள ஓடுகள் ஒன்றுகூட இல்லை. எல்லாக் குழிகளிலிருந்தும் வந்த அந்த ஓடுகள் வேப்பமரத்தடியில் ஒரே குவியலாகக் கிடந்தன.

"ஏனுங்க அக்கா, இதையெல்லாம் எதுக்குத் தனியாப் போட்டீங்க?"

"குறி போட்ட சட்டிங்க அம்மணி. மத்ததோட சேத்தலாமுங்களா?"

"எந்தக் குழியில வந்துச்சுன்னு இனி எப்படிச் சொல்றது? மாசக்கணக்கா செஞ்ச வேலை போச்சுங்க."

பழனியாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு வேலைக்கு வரட்டுங்களா, வேண்டாமுங்களா?"

யார் இப்படிப் பிரிக்கச் சொன்னது என்று அன்புக்கரசி கேட்டாள். அம்மாவின் சட்டிக் கதை வெளியே வந்தது. கோபம் அடங்கி அவள் ஓர் ஓட்டை எடுத்துக் காட்டினாள்.

"சுட்ட பெறகு கீறினது இது. என்ன குறின்னு எங்களுக்கும் தெரியல. ஆனா பெரிய கல்லறையில மணிகளோட வெச்சிருந்த கிண்ணத்துலயும் இதேதான் இருக்குது. ஒதுக்கப் போட்ட மாதிரி தெரியல. யாரோ 'இது என்னோடது'ன்னு போட்டிருக்கலாம்."

பழனியாத்தாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நாளப்பின்ன எங்கம்மா சட்டி கெடைச்சாலும் இப்படித்தான் நெனச்சுக்குவீங்களா?"

களிமண்ணில் செய்தவரின் ரேகை தங்குகிறது. சட்டியில் பட்டுவிடாமல் எவ்வளவு உயரத்திலிருந்து கூழை ஊற்றினார்கள் என்பது தங்குவதில்லை. அதை உயிரோடிருக்கும் நாம்தான் சொல்ல வேண்டும்.

மறுநாளும் பழனியாத்தாள் வேலைக்கு வந்தார். 'குழி தெரியாது' என்று சீட்டு வைத்து, அந்த ஓடுகளைத் தன் கையாலேயே மற்ற ஓடுகள் இருந்த அலமாரியில் அடுக்கினார்.

நீங்களும் எழுந்து போய் அந்தத் தம்ளரை மற்றவற்றோடு வையுங்கள். நாளைக் காலைக் காபியை அதில் நீங்கள் குடியுங்கள்.