நேசன் விளையாடாமல் போன பங்குக் கிணறு

நேசன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் எனது விளையாட்டின் விதிகளைப் பதினோராவது தடவையாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி கிரேஸ்தான் தொலைபேசியில் அழைத்தார். "சிவா அண்ணை, அவர் போயிட்டார்" என்றார். பேனையை மூடி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழும்புத்துறை ஜெபநேசனும் இணுவில்காரனான நானும் நல்லூரில் ஒரு மேல்மாடி அறையில் பலகை விளையாட்டுகளும் சீட்டு விளையாட்டுகளும் உருவாக்கி விற்றுவந்தோம். ஒரே வயதுதான். இருந்தும் கடைசிவரை ஒருவரையொருவர் "நீர்" என்றுதான் அழைத்துக்கொண்டோம்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். காலையில் தோன்றிய விளையாட்டை அன்று பின்னேரமே யாராவது விளையாடிவிட வேண்டும். பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டுவார், சட்டைப் பொத்தான்களைக் காய்களாக்குவார், படியால் இறங்கிவிடுவார். கீழே ரியூசன் நிலையம். பிள்ளைகளை ஏற்றிப்போக வந்து காத்து நிற்கும் தாய் தகப்பன்மார்தான் எங்கள் பரிசோதனைக்கூடம்.

முதல் நாள், மினிபஸ் நெரிசலை வைத்து அவர் செய்த விளையாட்டை ஒரு தாய் பிழையாக விளையாடத் தொடங்கினார். திருத்த வாயெடுத்தேன். நேசன் என் முழங்காலைக் கிள்ளினார்.

"சொல்லிக் குடுக்காதையும். விக்கிற பெட்டிக்குள்ளை உம்மையும் வைச்சு அனுப்பேலுமே?"

அந்தத் தாயின் பிழை எங்கள் விதியைவிட நன்றாக இருந்தது. அதையே விதியாக்கினோம். இன்னொரு நாள், நேசன் ஆசை ஆசையாகச் செய்த மீன்பிடி விளையாட்டின் நடுவில் ஒரு தகப்பன் கொட்டாவி விட்டார். நேசன் சிரித்தபடி மட்டையை மடித்தார்.

"செத்துப்போச்சு, சிவா. அழ ஒண்டுமில்லை, காலமைதானே பிறந்தது."

எனக்கு அந்த மனம் வாய்க்கவில்லை. ஐந்து வருடமாக "பங்குக் கிணறு" என்ற ஒன்றையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பல தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு கிணறு இருக்கும். முறை வைத்து இறைப்பார்கள். அந்த முறைதான் விளையாட்டு. வெங்காயத்துக்கு எத்தனை இறைப்பு, புகையிலைக்கு எத்தனை என்று கொப்பி கொப்பியாக எழுதினேன். ஒருவருக்கும் காட்டவில்லை. "எடும், விளையாடிப் பாப்பம்" என்று நேசன் கேட்கும்போதெல்லாம், இன்னும் முடியவில்லை என்பேன். அவர் கொட்டாவி விட்டுவிடுவாரோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

ஈரல் நோயில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் கேட்டார்.

"பங்குக் கிணறு கொண்டந்தனீரோ?"

"இல்லை நேசன். மழை வாற சீட்டு கொஞ்சம் பிசகுது. வாற கிழமை கட்டாயம் கொண்டு வாறன்."

"என்னட்டை வாற கிழமை இல்லை, ஐசே."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அது நன்றாகவே விளங்கியது. விளங்கியும், வீட்டுக்குப் போய் மழைச் சீட்டைத் திருத்தத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கிரேஸின் அழைப்பு வந்தது. இதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

அடக்கம் முடிந்து சில நாட்களின் பின் பங்குக் கிணறு விளையாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போனேன். கிரேஸ் மறுப்புச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் விரித்து விளையாடினோம். நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்றாவது ஆட்டம் முடிய முன்பே அவர் காய்களிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"முதல் இறைக்கிறவர்தானே எப்பவும் வெல்லுறார், சிவா அண்ணை?"

உண்மைதான். ஐந்து வருடமாக என் கண்ணில் படாத பிழை அரை மணித்தியாலத்தில் வெளியே வந்துவிட்டது. நேசனுக்கு அதில் பாதி போதும். சிரித்திருப்பார், மடித்து வைத்திருப்பார், அடுத்த நாள் காலை இருவருமாக வேறொன்றைத் தொடங்கியிருப்போம். அப்படி எத்தனை காலைகளை நான் அவரிடமிருந்து பறித்தேன் என்று நினைக்கத் துணிவில்லை. இனி ஒன்றைத் தொடங்கும் எண்ணமும் எனக்கில்லை.

கிரேஸ் தேத்தண்ணி போட எழுந்து போனார். கிணறு மேசையில் விரிந்தபடி கிடந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நேசன், கொண்டந்திட்டன். பிழையாத்தான் கிடக்குது. நீர் போயிட்டு வாரும்.