கொள்ளிடத்தில் ஒரு சுத்தமான ஸ்க்ரீன்

இரண்டு வாரமாக இந்த இடத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா? நாலைந்து வாசகர்கள் போன் செய்து, “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே மேடம்?” என்று விசாரித்தார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கும் சிரிக்க வைக்கிற விஷயம் எதுவும் கைவசம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தைத் திருப்புகிறவர்கள் திருப்பிக்கொள்ளலாம்.

ஒரு மாசத்துக்கு முன்னால் என் வீட்டு இன்வெர்ட்டர் படுத்துவிட்டது. அரியமங்கலத்தில் ஜமால் பாய் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பாய், வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் பல வருஷம் கப்பல் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களைப் பழுது பார்த்தவர். இப்போது மிக்ஸி, இன்வெர்ட்டர் என்று வருவதையெல்லாம் சரிசெய்கிறார். ஆனால் கடலே இல்லாத திருச்சிக்கு, நாகப்பட்டினத்திலிருந்து பஸ் பார்சலில் அவருக்கு வேலை வந்துகொண்டே இருக்கிறது.

அன்று கடை நடுவில் ஒரு நீல டிரம். நிறையத் தண்ணீர். அதற்குள் கறுப்பாக எதையோ தொங்கவிட்டு, ஒயரை மேஜை மேல் இருந்த குட்டி டிவி மாதிரி ஒன்றில் செருகியிருந்தார்.

“எக்கோ சவுண்டர்மா. போட்டுக்குக் கீழ சத்தத்த அனுப்பும். அது மோதித் திரும்பி வர்றத வச்சு, அடியில என்ன கிடக்குன்னு ஸ்க்ரீன்ல காட்டும். மீன் கூட்டம்னா திட்டா தெரியும். தரைன்னா தடிச்ச கோடா தெரியும்.”

இந்த மெஷினில் படகு கிளம்பினாலே திரை முழுக்கக் கோடும் புள்ளியுமாக மழை பெய்கிறதாம். படகுக்காரர் போட்டோ அனுப்பியிருந்தார். பாய் அதைப் பெரிதாக்கிக் காட்டினார்.

“மெஷின் மேல தப்பு இல்ல. என்ஜின் பேட்டரியிலேயே இதுக்கும் கரண்ட் எடுத்திருக்காங்க. ரெண்டு ஒயரையும் ஒண்ணா சேத்துக் கட்டியிருக்காங்க. என்ஜின் இரைச்சல் எல்லாம் ஸ்க்ரீன்ல மீனா வந்து நிக்குது.”

“ஃபில்டர்னு ஒண்ணு இருக்குமே பாய், அதை ஏத்திவிட்டா சரியாப் போயிடாதா?” இது என் மேதாவித்தனம்.

“அத கடைசியாத்தான் தொடணும். இரைச்சல் எங்கேருந்து வருதுன்னு பாத்து அங்கயே நிறுத்தணும். பேட்டரிய தனியா வைக்கணும், ஒயர தனியா ஓட்டணும். எடுத்த எடுப்பில ஃபில்டர ஏத்துனா இரைச்சலோட சின்ன மீனும் சேந்து போயிடும். ஸ்க்ரீன்ல கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும்மா.”

எனக்கு அழுக்கு என்றாலே ஆகாது. வாட்ஸ்அப்பில் வருகிற குட்மார்னிங் ரோஜாக்களைக்கூட அன்றன்றே அழித்துவிடுகிறவள் நான். பாய் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனையில் செல்வியின் இஸ்திரி வண்டி நிற்கும். அவளும் புருஷன் முருகேசனும் மாறி மாறித் தேய்ப்பார்கள். முருகேசன் வாயைத் திறக்க மாட்டான். அவனுக்கும் சேர்த்துச் செல்வி பேசுவாள். நான் போனைப் பார்த்துக்கொண்டே ‘ம்... ம்...’ என்று கேட்டுக்கொள்வேன். துணியைப் பழைய பேப்பரில் சுற்றித்தான் தருவாள். இந்தப் பத்தி வந்த தாள் கிடைத்துவிட்டால் ஒரே குஷி. “உங்க போட்டோ மேல தெரியற மாதிரி சுத்தியிருக்கேம்மா, பாருங்க!” என்பாள்.

நான் பாய் கடைக்குப் போய்வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முருகேசன் கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போனான். தினமும் போகிற இடம்தான். முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்து ஆறு ஏறியிருந்தது. பழைய தடுப்புச் சுவர் ஒன்று இடிந்து கிடக்கும் பக்கம், ஒரு கல் மேல் அவன் துண்டும் சோப்பு டப்பாவும் இருந்தன. அவன் இல்லை.

அன்று முழுக்கத் தேடினார்கள். மறுநாள் காலை செல்வி என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யாரையாச்சும் தெரிஞ்சா சொல்லுங்கம்மா. இன்னிக்குள்ள கிடைச்சா முகத்தப் பாத்துடலாமாம். அப்புறம்னா காட்ட மாட்டாங்களாம்மா...”

உயிரை அவள் கேட்கவில்லை. அது போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முகத்தைக் கேட்டாள்.

ஜமால் பாய்க்குப் போன் போட்டேன். மெஷின் ரெடியாகி, பார்சல் கட்டாமல் இருந்தது. பாய் நாகப்பட்டினத்துக்குப் பேசினார். “எடுத்துட்டுப் போங்க பாய், மீன் எங்க போயிடப்போவுது” என்றாராம் படகுக்காரர். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு என் கும்பிடு.

என்ஜின் படகு வேண்டாம் என்றார் பாய். பரிசல் பிடித்தோம். என்ஜின் இல்லையென்றால் பாதி இரைச்சல் இல்லை. தனியாக ஒரு பேட்டரி. மூங்கில் கழியின் நுனியில் அந்தக் கறுப்புச் சாமானைக் கட்டி, துடுப்பு விழாத பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்கினார். செல்வியை ஏற்ற மாட்டேன் என்றார் பரிசல்காரர். அவள் ஏறி உட்கார்ந்தாள். நானும் ஏறினேன். எனக்கு அங்கே என்ன வேலை? ஆனாலும் பத்தி எழுதுகிறவர்களுக்கு எங்கேயும் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

“அந்தக் கல்லுகிட்ட போங்கண்ணே, அங்கதான் இறங்குவாரு” என்றாள் செல்வி. முதலில் அங்கேதான் போனோம்.

புது வெள்ளம் கலங்கி ஓடியது. திரையில் புள்ளி புள்ளியாக வந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் செல்வி துள்ளி எழுந்தாள்.

“அது என்னண்ணே?”

“பாசிம்மா.”

“இது? இது அவரா?”

“மீனும்மா. உக்காருங்க, பரிசல் ஆடுது.”

ஒவ்வொரு தடவையும் அவள் முகம் ஒரு நொடி மலரும், உடனே செத்துப்போகும். புருஷன் பிணம் கிடைத்ததா என்று ஒரு பெண்ணின் முகம் மலர்வதை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம்.

இடிந்த சுவர்ப் பக்கம் போகும்போது, அடித்தரைக் கோட்டை ஒட்டி மங்கலாக ஒரு திட்டு வந்தது.

“இது என்னண்ணே?”

பாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “தெரியலம்மா. இதுக்கு மேல இன்னொரு தடவ வரணும்.”

அதற்குள் இழுப்பு பரிசலைச் சுழற்றித் தள்ளிவிட்டது. பரிசல்காரர் வளைத்துத் திருப்ப நேரமானது. அந்த நேரத்தில்தான் நான் பாயின் காதருகே குனிந்தேன்.

“பாய், ஃபில்டரை ஏத்துங்க. இந்தப் புள்ளியெல்லாம் அவ பாக்க வேண்டாம்.”

“ஏத்துனா சின்னது, மங்கலா தெரியறது எல்லாம்...”

“தெரியும் பாய். அவளப் பாருங்க. ஏத்துங்க.”

பாய் அவளைப் பார்த்தார். பட்டனை அமுக்கினார்.

திரை துடைத்து வைத்தது போல் ஆனது. அடியில் தரை மட்டும் ஒரே கோடாக ஓடியது. அந்த இடத்தை இரண்டு தடவை கடந்தோம். ஒன்றும் இல்லை. செல்வி எதற்கும் எழுந்திருக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“இங்கதாம்மா. சோப்பு டப்பா இங்கதான இருந்துச்சு. அவரு வேற எங்கயும் இறங்க மாட்டாரு” என்றாள்.

“வெள்ளம் இழுத்துட்டுப் போயிருக்கும் செல்வி. கீழ போய்ப் பாப்போம்.”

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நானும் சொன்னேன். இருட்டுகிற வரைக்கும் கீழே, மணல் அள்ளின பள்ளங்களில் தேடினோம். எங்கே போனாலும் ஸ்க்ரீன் பளிச்சென்று இருந்தது.

புதன்கிழமை முக்கொம்பில் தண்ணீரைக் குறைத்தார்கள். ஆறு இறங்கியது. இடிந்த சுவரின் கான்கிரீட் கம்பியில் கைலி சிக்கி, முருகேசன் அங்கேயே இருந்தான். சோப்பு டப்பா இருந்த கல்லிலிருந்து பத்தடி இருக்கும்.

ஆஸ்பத்திரியில் முகத்தைக் காட்டவில்லை. சுற்றியிருந்த துணியை விலக்கி ஒரு கையை மட்டும் காட்டினார்கள். மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்பு. செல்வி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஆமா” என்றாள். அத்தனை பேச்சுப் பேசுகிறவள், அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைதான் பேசினாள்.

சாயங்காலம் ஜமால் பாய் போன் செய்தார்.

“அந்தத் திட்டு அதாம்மா. நான் அமுக்கியிருக்கக் கூடாது.”

“நான்தான பாய் சொன்னேன்.”

“கை என்னோடதும்மா.”

மெஷினை நாகப்பட்டினத்துக்கு அனுப்பும்போது ஃபில்டரை அணைத்து, பட்டன் மேல் டேப் ஒட்டி அனுப்பினாராம். ஒயரைத் தனியாக ஓட்டுங்கள், மிச்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும் என்று படகுக்காரரிடம் சொல்லிவிட்டாராம். அவர் செய்த தப்புக்கு அவரால் ஒரு டேப் ஒட்ட முடிந்தது.

செல்விக்காகத்தான் ஸ்க்ரீனைச் சுத்தம் செய்யச் சொன்னேன் என்று மூன்று வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் கண் படுகிற பாட்டுக்காக அவள் கண்ணுக்குக் கிடைக்க வேண்டியதை அழித்தேன். இரக்கம் என்று நாம் செய்கிற காரியங்களில் பாதி இந்த ரகம்தானோ? ஆஸ்பத்திரியில் ‘அழாதே’ என்கிறோம். துக்க வீட்டில் ‘அதையே பேசாதே’ என்கிறோம். யாருடைய வசதிக்கு? ‘இங்கதாம்மா’ என்று அவள் அன்றைக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். அதையும் நான் அழுகைக் கணக்கில்தானே தள்ளினேன்!

முந்தாநாள் செல்வி மறுபடி வண்டியைப் போட்டாள். துணி வாங்கப் போனேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அம்மா, அன்னிக்கு மெஷின்ல ஒண்ணு தெரிஞ்சுதே... பாய்கூட இன்னொரு தடவ வரணும்னாரே. திரும்பி வந்தப்ப ஏம்மா அது இல்ல?”

நான் ‘ம்...’ என்றேன். துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்... சுற்றியிருந்த பழைய பேப்பரில், என் போட்டோவை மேலே வைத்துத்தான் மடித்திருந்தாள்.

ஞாயிறு காலை இந்தப் பக்கம் உங்கள் கைக்கு வந்துவிடும். ஓரிரு நாளில் பழைய பேப்பராகி அவள் வண்டிக்கும் போய்விடும். செல்விக்கு நன்றாகவே படிக்கத் தெரியும்.

சனிக்கிழமைக்குள் நான் போய்ச் சொல்லியாக வேண்டும்.