சரிம்மா சொன்ன ஒரே ஒரு மாட்டேன்

சலவைக்கூடத்தில் அவளுக்குச் சரிம்மா என்று பெயர் வைத்தவர் மேற்பார்வையாளர்தான். யார் எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் அவள் வாயிலிருந்து 'சரி' வந்து விழுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? சரி. என் பங்கு மூட்டையையும் பிரித்துவிடுகிறாயா? சரி. வீட்டுக்குப் போய், "என் தலையெழுத்து" என்று புலம்புவாள். முப்பது வயதாகி, நாலு வயதுப் பெண்ணுக்குத் தாயான பிறகும் அந்த வாய் திருந்தவில்லை. அந்த வாயை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது, சொல்லுங்கள்.

அதே கூடத்தில் அவளுடைய அக்காவுக்கும் வேலை. ஓட்டல்களிலிருந்து வரும் பெரிய படுக்கை விரிப்புகளை ஓர் ஆளால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும். உதறி, இழுத்து, நடந்து வந்து தன் முனைகளை எதிராளி கையில் கொடுத்துவிட்டு, தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். துணி தரையில் பட்டால் மேற்பார்வையாளர் ஆடித் தீர்த்துவிடுவார். பன்னிரண்டு வருஷமாக அக்காவும் தங்கையும்தான் ஜோடி. நல்லது கெட்டது எல்லாமே விரிப்பைப் பிடித்தபடி பேசியவைதான்.

அன்றைக்கும் அக்கா அப்படித்தான் கேட்டாள்.

"டாக்டர் சொல்லிட்டாங்க. என்னோட கருமுட்டை இனிமே உதவாதாம். நாப்பத்தொண்ணு ஆச்சில்ல? வேற ஒருத்தர் தானம் குடுத்தா, மாமாவோடது சேத்து, என் வயித்துலயே வளர்க்கலாமாம்." விரிப்பை ஓர் இழு இழுத்தாள். "முகம் தெரியாதவங்கள நெனச்சா என்னவோ போல இருக்கு. நீ குடுப்பியா?"

"சரி" என்றாள் சரிம்மா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது. கையில் இரண்டு முனை, எதிரே அக்காவின் முகம். அந்த முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததே இல்லை.

எப்படி மாட்டேன் என்பாள்? அம்மா கண்ணை மூடியபோது இவளுக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அக்கா படிப்பை விட்டுவிட்டு இந்தக் கூடத்தில் சேர்ந்தாள். இவளுக்குத் தலை வாரினாள், சோறு போட்டாள், ஒரு வண்டி ஓட்டுநருக்குக் கட்டிக்கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் தன் கழுத்தை நீட்டினாள். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

ஊசிக்கோ ஸ்கேனுக்கோ அவள் பயப்படவில்லை. தன்னைக் கண்டுதான் பயந்தாள். கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிற மனசு சிலருக்கு உண்டு, அவர்கள் மகராசிகள். இவளுக்கு அது கிடையாது. அக்கா வீட்டில் தன் மகளின் நெற்றியோடு ஒரு பிள்ளை ஓடும். அக்கா அதை அதட்டினால் இவள் கை குறுக்கே போகும். அது 'சித்தி' என்று கூப்பிடும்போதெல்லாம் உள்ளுக்குள் ஏதோ பிசையும். வாழ்நாள் முழுக்க அதை மென்று விழுங்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"உனக்கு இஷ்டமா?" என்று கணவன் கேட்டான்.

"சரின்னு சொல்லிட்டேனே."

"நான் அதக் கேக்கல."

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மருத்துவமனையில் ஒரு வழக்கம். தானம் கொடுப்பவரோடு ஆலோசகர் தனியாகப் பேசியே ஆக வேண்டும். "எங்களுக்குள்ள என்னங்க ஒளிவுமறைவு" என்று கூடவே உட்காரப் போன அக்காவை, அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

"யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?"

"இல்லைங்க."

"உங்களுக்கு முழு மனசா?"

வழக்கமான சொல் நாக்கு நுனிவரை வந்தது. வந்து, நின்றுவிட்டது. அவள் தலை தானாக இடமும் வலமும் ஆடியது. பிறகு அழுதாள்.

"அழாதீங்க. 'இவங்க தானம் குடுக்கப் பொருத்தமில்ல'ன்னு மட்டும் சொல்லுவோம். ஏன்னு யார் கேட்டாலும் சொல்ல மாட்டோம். ஆனா முடிஞ்சா நீங்களே உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க. அதுதான் நல்லது."

"சரிங்க" என்றாள். இதற்கும் சரிதான்.

அக்காவிடம் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

எங்கே தப்பிப்பது? மருத்துவமனை காரணம் சொல்லவில்லை அல்லவா, அக்கா தானாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டாள். "ரத்தத்துல என்னவோ தெரிஞ்சிருக்கு. உன்கிட்ட மறைக்கறாங்க." மறுநாளிலிருந்து சரிம்மாவைக் கனமான மூட்டையைத் தொட விடவில்லை. ஒரு மருத்துவமனை, இரண்டாவது மருத்துவமனை, மூன்றாவது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். அப்படிச் சொல்லச் சொல்ல அக்காவுக்குப் பயம் கூடியது. "எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்று ஒருநாள் சொல்லியும் பார்த்தாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று அக்கா அவள் தலையைத் தடவினாள். உண்மைக்குக்கூட மதிப்பில்லாமல் போயிற்று. "சொல்லித் தொலையேன்" என்று கணவன் தினமும் அரித்தான். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் ஓடிவிட்டது.

அப்புறம் ஒரு மத்தியானம், மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் விரிப்பைப் பிடித்தபடி அக்கா சொன்னாள்:

"ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டாங்க. வேற யாரோ ஒரு பொண்ணு குடுக்கறாளாம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லப் போறேன்."

"ஏன்க்கா?"

"உன்ன இப்படி வெச்சுக்கிட்டு நான் வயித்துல ஒண்ணச் சுமந்துக்கிட்டு உக்காந்திருக்கவா? நான் ஏற்கெனவே ஒண்ண வளர்த்துட்டேன். அது நல்லா இருந்தா போதும்."

சரிம்மா விரிப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு நோய் இல்லக்கா. நான்தான் மாட்டேன்னு சொன்னேன், ஆஸ்பத்திரியில தனியாப் பேசுன அந்த அம்மாகிட்ட. எனக்கு மனசில்ல. உன்கிட்ட சொல்லத் தைரியமும் இல்ல."

"நோய் இல்லையா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

அக்கா கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டாள். அந்த மூச்சில் மூன்று மாதப் பயமும் இறங்கியது. பிறகு கண்ணைத் திறந்து, யாரோ புது ஆளைப் பார்ப்பது போல் தங்கையைப் பார்த்தாள். நடுவில் விரிப்பு தொய்ந்து தரையைத் தொட்டது. தூரத்தில் மேற்பார்வையாளர் கனைத்தார்.

"என்கிட்ட சொல்லியிருந்தா பத்து நாள் அழுதிருப்பேன். அவ்வளவுதானே" என்றாள் அக்கா.

அக்கா நடந்து வந்து, எப்போதும் போலத் தன் முனைகளை இவள் கையில் வைத்தாள். விரல்கள் மட்டும் படவில்லை. கீழ் மடிப்பை எடுக்க அவள் குனியவும் இல்லை.

"நான் போய் ஃபோன் பண்ணிட்டு வரேன். அந்தப் பொண்ணே குடுக்கட்டும்." இரண்டடி போய் நின்றாள். திரும்பவில்லை. "நாளையிலேருந்து நான் மூட்டை பிரிக்கற மேசைக்கு மாத்திக்கறேன். நீ வேற யார்கூடயாவது மடிச்சுக்கோ. சரியா?"

வேண்டாம் அக்கா, போகாதே, எவ்வளவு திட்ட வேண்டுமானாலும் திட்டிக்கொள், என் எதிரே நின்று திட்டு. அத்தனையும் நெஞ்சில் முட்டியது. நாலு முனையும் அவள் கையிலேயே இருந்தன.

"சரி" என்றாள் சரிம்மா.