பில்டர் அக்காவின் நீல வண்டி

இஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் பில்டரைத் தலைகீழாகப் பிடித்துக் கல்லின்மேல் இரண்டு தட்டுத் தட்டுகிறார். கொட்டிய புழுதியை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். "அனந்தப்பூருங்களா?" என்கிறார். எதிரே நிற்கும் டிரைவர் வாயைப் பிளக்கிறார். செம்மண் என்றால் ஆந்திரா, கறுப்பு என்றால் மகாராஷ்டிரா, மாவாட்டம் வெளுத்துக் கிடந்தால் ராஜஸ்தான். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் போர்வெல் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டு இந்தக் கடை வாசலில் வந்து நிற்கும். எந்த ஊரில் துளை போட்டார்கள் என்பதை டிரைவர் வாய் திறப்பதற்கு முன்னால் அறிவுச்செல்வி சொல்லிவிடுவார்.

வயது நாற்பத்தாறு. கடைப் பலகையில் ஏதோ பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. ஊருக்கு அவர் பில்டர் அக்கா. ரிக்கோ லாரியோ கம்ப்ரசரோ, காற்று உள்ளே போகும் வழி அவருடைய இலாகா. காற்று வெளியே வரும் வழியைப் பற்றிக் கேட்டால், "அது சைலன்சர்காரங்க சோலி, நமக்கெதுக்குங்க?" என்று கையை உதறிவிடுவார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, அதற்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டியிருப்பார். சட்டைப் பையில் பேனா போலத் தெரிவது பேனா அல்ல, கம்ப்ரசரின் சூடு பார்க்கிற தெர்மாமீட்டர். அதையே மத்தியானச் சாம்பாரிலும் விட்டுப் பார்ப்பார் என்று கேள்வி. கேட்டால், "கழுவிட்டுத்தானுங்க உடறேன்" என்று ரோஷத்தோடு சொல்கிறார்.

இந்த மனுஷிக்கு ஒரு பைத்தியம் உண்டு. அது கடைக்குப் பக்கவாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. தொண்ணூற்றெட்டாம் வருட மாடல், ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். நீல நிறம், இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. ரிக் முதலாளி ஒருவர் தொழிலை ஆப்பிரிக்காவுக்கு மாற்றிக்கொண்டு போனபோது விட்டுச் சென்றதை, ஏழு வருடத்துக்கு முன்னால் வாங்கினார். "இதுல உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும்" என்று கணவர் நாச்சிமுத்து முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். முணுமுணுத்தபடியே ஏறியும் உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்குப் பின்னால் அவருக்கு ஆறு விசைத்தறி ஓடுகிறது. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஏற்காடு ஏறி, டீ குடித்துவிட்டு இறங்குவது வழக்கம்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அந்தக் காரில் பில்டரை மூடியிருக்கும் காற்றுப் பெட்டி கீறல் விட்டது. பில்டர் அக்காவுக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறென்ன வேண்டும்! பெட்டியையே கழற்றிக் கடாசிவிட்டு, கூம்பு வடிவத்தில் ஒரு பந்தய பில்டரை வரவழைத்து, மூடியில்லாமல் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே மாட்டினார். பானெட்டில் ஓட்டை போட்டு, காற்றுப் பிடிக்க மூக்குப் போல ஒரு தகடும் வைத்தார். ஆக்சிலேட்டரை மிதித்ததும் கிளம்பியதே ஒரு சத்தம்! வண்டி காற்றை உறிஞ்சுகிற சத்தம் அடிவயிற்றில் கேட்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. "மாமா, கேட்டீங்களா, கேட்டீங்களா?" என்று நாச்சிமுத்துவின் தொடையில் அடித்து அடித்தே சிவக்க வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஏற்காட்டு மலையில், பதினாலாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறியது. மிதித்தால் இழுக்கவில்லை, டப்பாவில் போட்டுச் சில்லறையைக் குலுக்குவது போல இஞ்சினுக்குள் ஒரு சத்தம். அதற்கடுத்த ஞாயிறும் அதே வளைவு, அதே திணறல். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பழைய கார்களுக்கு வைத்தியம் பார்க்கும் இம்தியாஸ், வண்டியைத் தட்டிக் கொட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இஞ்சினுக்கு வயசாயிடுச்சுக்கா. கம்ப்ரஷனும் கொஞ்சம் கம்மியா காட்டுது. நம்ம ஷெட்டுல வேற இஞ்சின் ஒண்ணு ரெடியா இருக்கு. திங்கக்கிழம மாத்திடலாம்."

அறிவுச்செல்விக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஏழு வருடம் தன் கையால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த இஞ்சின். அது போய்விட்டால் பெயிண்டும் சீட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? இம்தியாஸிடம் மன்றாடி ஒரு தவணை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒருமுறை ஏறுவது. இருபது வளைவையும் திணறாமல் ஏறிவிட்டால் பழைய இஞ்சின் அப்படியே இருக்கும். திணறினால் மறுநாளே கழற்றிவிட வேண்டியது.

இது செவ்வாய்க்கிழமை பேசியது. வியாழக்கிழமை ராசிபுரத்து ரிக் டிரைவர் கந்தன் கடைக்கு வந்தார். வழியில் காற்றுக் குழாய் கிழிந்துவிட, அதை வெட்டிப் போட்டுவிட்டு, பில்டரை இஞ்சின் ஓரத்திலேயே கம்பியால் கட்டி ஓட்டி வந்திருந்தார். பில்டர் அக்காவுக்கு வந்ததே கோபம்.

"ஏஞ்சாமி, இஞ்சின் உடற அனல அதுக்கே குடிக்கக் குடுத்தா அது எப்புடிங்க இழுக்கும்? உங்க ஊட்ல அடுப்புக்குள்ள தலைய உட்டுட்டா மூச்சு வாங்கறீங்க? சூட்டுக் காத்துல சத்து இருக்காதுன்னு எத்தன தடவ சொல்றது? இருவது வருசமா இதையேதான்..."

அத்தோடு பேச்சு நின்றது. நீட்டிய விரல் நீட்டியபடி இருக்க, கண் மட்டும் கொட்டகைப் பக்கம் போனது.

"என்னுங்கக்கா, பாதியிலயே உட்டுட்டீங்க?" என்றார் கந்தன். முழுத் திட்டையும் வாங்கிக்கொள்ளத் தலையைக் குனிந்து தயாராக நின்றவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"போய் டீ குடிச்சிட்டு வாங்க சாமி. நான் ஒண்ணும் சொல்லல."

காரை ஸ்டார்ட் செய்து, பானெட்டை மூடி, பத்து நிமிடம் ஓட விட்டார். பிறகு பானெட் மூக்கின் வழியே தெர்மாமீட்டரை உள்ளே விட்டார். வெளியில் முப்பத்தாறு டிகிரி. பில்டரின் பக்கத்தில் எழுபத்தொன்று. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே இந்த வேலையப் பண்ணியிருக்கனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். இஞ்சினுக்கு வயசும் ஆகவில்லை, ஒரு மண்ணும் ஆகவில்லை. மூச்சுத்தான் முட்டுகிறது!

சரி, குளிர்ந்த காற்றை எங்கிருந்து எடுப்பது? நாச்சிமுத்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "தறிக்கூடத்துல அறுந்த நூலு எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாத்துத்தான் எந்த ஜன்னலத் தொறக்கறதுன்னு நான் முடிவு பண்றேன். வண்டிக்கும் நூல ஒட்டிப் பாரு புள்ள."

அறிவுச்செல்வி அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. வெள்ளிக்கிழமை காலையில் விரல் நீளத்துக்கு வெள்ளை நூல் நூறு துண்டு வெட்டி, காரின் முகமெல்லாம் டேப்பால் ஒட்டினார்கள். சங்ககிரி பைபாஸில் அவர் ஓட்ட, நாச்சிமுத்து செல்போனைக் குச்சியில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் படம் பிடித்தார். டீக்கடையில் நிறுத்தியபோது ஒரு பெரியவர் பயபக்தியோடு வண்டியைச் சுற்றி வந்து, "வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, பெரிய வேண்டுதலு" என்றார் அறிவுச்செல்வி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பானெட் மூக்கைச் சுற்றியிருந்த நூல்கள் எழுந்து நின்று தறிகெட்டு ஆடின. காற்று அதற்கு மேலே தாவிப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டை போட்டதெல்லாம் வெறும் அலங்காரத்துக்குத்தான். ஆனால் கீழே, இடது பனி விளக்கின் ஓரத்தில் ஒட்டிய நூல்கள் ஒன்று விடாமல் உள்ளே மடங்கியிருந்தன. "மாமா! உள்ள போகுது பாருங்க! உள்ள போகுது!" டீக்கடையே எட்டிப் பார்த்தது.

சனிக்கிழமை கடைக்கு அரை நாள் லீவு. இடது பனி விளக்கைக் கழற்றி, அந்தப் பொந்துக்கு வலை அடித்து, அங்கிருந்து லாரி ரப்பர் குழாயை மேலே இழுத்தார். பில்டரைச் சுற்றித் தகரத்தில் பெட்டி மடக்கி, இஞ்சினின் அனல் ஒரு பொட்டும் நுழையாதபடி விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினார். பானெட் ஓட்டையையும் அடைத்தார். மூடியை வைத்து ஸ்டார்ட் செய்தால் வண்டி பரம சாதுவாக நின்றது. அந்தச் சத்தத்தைக் காணோம்.

"சத்தம் போச்சே மாமா" என்றார். கண்ணில் தண்ணீர் கோத்துவிட்டது. நிஜமாகவே அழுகை.

"சத்தம் வேணுமா, இஞ்சின் வேணுமா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மூடியின் நாலு திருகாணியையும் தானே இறுக்கினார்.

ஞாயிறு காலை இம்தியாஸ் தன் வண்டியில் முன்னால் ஏறிப் போய், மேலே காத்திருந்தார். அடிவாரத்தில் நாச்சிமுத்து ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் வேட்டியையும் பிடித்துக்கொண்டார். ஐந்து, எட்டு, பதினொன்று. வளைவுப் பலகைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பதினாலாவது வளைவில் திரும்பினால், எதிரே முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு ஒரு பஸ் இறங்குகிறது. செங்குத்தான இடத்தில் அப்படியே நிற்க வேண்டியதாகிவிட்டது. பஸ் நகர்ந்தது. முதல் கியர். மிதித்தார்.

இழுத்தது! என்ன இழுப்பு! நாச்சிமுத்துவின் தலை சீட்டில் போய் மோதியது. "போகுது மாமா! போகுது!" என்று கத்தினார் அறிவுச்செல்வி. "ரோட்டப் பாத்து ஓட்டு தாயே!" என்று அவரும் கத்தினார், அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பதினேழு, பத்தொன்பது, இருபது.

கையைக் கட்டிக்கொண்டு நின்ற இம்தியாஸ், வண்டி வந்த வேகத்தைப் பார்த்துக் கையை அவிழ்த்துவிட்டார். ஜன்னலில் குனிந்து, "எங்கயுமே திணறலயாக்கா?" என்று கேட்டார். நாச்சிமுத்துவைச் சாட்சிக்குப் பார்த்தார். திணறவே இல்லை என்று நாச்சிமுத்து தலையை ஆட்டினார்.

"திங்கக்கிழம வேற சோலி பாருங்க தம்பி!" என்றார் அறிவுச்செல்வி.

"செரி செரி, வா புள்ள, டீ குடிப்போம்" என்று நாச்சிமுத்து வேட்டியைச் சரிசெய்தார். அறிவுச்செல்வி இஞ்சினை அணைக்கவில்லை. கணவரின் மடிக்கு மேலாக எட்டி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"நீங்க எறங்கிக்குங்க மாமா, வெயிட்டு கொறையும். நான் கீழ போய் இன்னொருக்கா ஏறிட்டு வந்தர்றேன்."