தன் ரத்தத்தைத் தராத மைதிலி அக்கா: கொல்கத்தாவில் மூன்று நாள்

கொல்கத்தாவுக்கு எல்லோரும் துர்கா பூஜைக்குப் போவார்கள். நான் போனது ஜனவரியில், ஒரு கேள்வியோடு. என் அம்மாவும் பெரியம்மாவும் மார்பகப் புற்றுநோயில் போனவர்கள். எனக்கு நாற்பத்து நான்கு வயது, ஒரு பெண் இருக்கிறாள். மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா என்று பெரியம்மா மகள் மைதிலி அக்காவைப் போனில் கேட்டால், "பார்க்கலாம்டி" என்று பேச்சை மாற்றிவிடுவாள். டிஎன்ஏ எப்படி உடைகிறது, செல் அதை எப்படிச் சரிசெய்கிறது, சரிசெய்யாவிட்டால் புற்றுநோய் எப்படி வருகிறது என்று முப்பது வருஷமாக ஆராய்பவள் அவள். அவளே மழுப்பினால் வேறு யாரிடம் போவது? எனக்குப் பொறுமை குறைவு. நேரில் மடக்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

சென்னையிலிருந்து ஹவுராவுக்குக் காலை ரயில், ஏறக்குறைய 1,660 கி.மீ., மறுநாள் முற்பகலில் சேர்ந்தது. ஹவுராவில் டாக்சிக்காரர்களிடம் மாட்டாதீர்கள். ஸ்டேஷனிலிருந்தே மெட்ரோ இருக்கிறது, ஆற்றுக்கு அடியில் போகும். எஸ்பிளனேடில் மாறி பவானிபூர் போய்ச் சேர்ந்தேன். பெரியப்பா வங்கி அதிகாரியாக வந்து தங்கிய வீட்டில்தான் அக்கா இன்னும் இருக்கிறாள். "குளிச்சுட்டு வா, இந்த ஊர் மீன் குழம்பு, மாச்சேர் ஜோல் இல்லை, மோர்க்குழம்புதான்" என்றாள். கேள்வியை எடுத்தேன். "நாளைக்கு லேபுக்கு வா, பேசலாம்" என்றாள்.

மறுநாள் காளிகாட் மெட்ரோ வாசலிலிருந்து ஷேர் ஆட்டோவில் கரியாஹாட், அங்கிருந்து இன்னொன்றில் ஜாதவ்பூர். நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் டிரைவர் "குச்ரோ, தீதி" என்று முறைப்பார். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

லேபில் மௌமிதா என்ற ஆராய்ச்சி மாணவி மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். ரத்தத்திலுள்ள செல்களைக் கண்ணாடி ஸ்லைடின் மேல் கூழில் பதித்து மின்சாரம் செலுத்துகிறார்கள். முழுசாக இருக்கும் டிஎன்ஏ பொட்டு மாதிரி நிற்கிறது, உடைந்தது வாலாக நீள்கிறது. வேண்டுமென்றே கொஞ்சம் சேதப்படுத்திவிட்டு, நேரம் விட்டுப் பார்த்தால், செல் தன்னைச் சரிசெய்யச் செய்ய வால் சுருங்கிவிடும். நோயாளிகளின் செல்லோடு ஒப்பிட ஆரோக்கியமானவர்கள் ரத்தமும் வேண்டும். அதற்கு முறைப்படி கையெழுத்துப் போட்டு லேப்காரர்களே கையை நீட்டுவது அங்கே வழக்கம்.

"நாங்க எல்லாரும் குடுத்திருக்கோம். மைதிலி தீதி மட்டும் குடுத்ததே இல்லை, ஊசின்னா அவ்வளவு பயம்" என்று மௌமிதா ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் தன்னை நாய் கடித்து வரிசையாக ஊசி போட்டபோது, அழாமல் எனக்குக் கதை சொன்னவள் இவள்.

வெளியே மண்குவளை டீயோடு நின்றபோது கேட்டேன். "உனக்கு எப்போ ஊசி பயம் வந்தது?"

அக்கா கொஞ்சம் டீயைக் குடித்தாள். "ஊசி இல்லைடி. நம்பர் போட்டுத்தான் ஸ்லைடு வரும், யாரோடதுன்னு தெரியாது. ஆனா கடைசில நம்பரைத் திறந்து பார்த்துத்தானே ஆகணும். என்னோடதுல வால் சுருங்காம இருந்தா?"

"அதை வச்சு ஒருத்தருக்குப் புற்றுநோய் வரும்னு சொல்லிட முடியுமா?"

"முடியாது. ஒரு ஸ்லைடைப் பார்த்து யாருக்கும் ஜாதகம் சொல்லப்படாதுன்னு நான்தான் கிளாஸ் எடுக்கறேன்."

"மரபணுச் சோதனை?"

"அதுவும் பண்ணிக்கலை. அம்மா போனப்புறம் எத்தனையோ பேரைப் பண்ணிக்கச் சொல்லியிருக்கேன்."

"ஊருக்குத்தான் உபதேசமா?" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். ஆனால் அவள் கண் கலங்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக நான் தனியாகப் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

அன்று மாலையே அக்கா தெரிந்த மருத்துவமனைக்குப் போன் செய்தாள். மறுநாள் மரபணு ஆலோசகரைப் பார்த்தோம், இருவருமே சோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். ஊசி ஏறும்போது அக்கா கண்ணைக்கூட இமைக்கவில்லை. நான்தான் சுவரைப் பார்த்தேன்.

இதே காரணத்துக்காக அலைபவர்களுக்கு: சோதனைக்கு முன் ஆலோசகரைப் பாருங்கள், முன்பதிவு அவசியம். குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் என்று கேட்பார்கள், தெரிந்துகொண்டு போங்கள். அக்காவுக்கு மரபணுக் கோளாறு இல்லை என்பதால் தங்கைக்கும் இல்லை என்று ஆகாது. கோளாறு இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை, கவனமாக இருக்க வழிகள் உண்டு. சோதனைக்காகக் கொல்கத்தா வரை போகத் தேவையில்லை. பெரிய ஊர்கள் பலவற்றில் செய்கிறார்கள். ஊர் சுற்றப் போவதென்றால் ஜனவரி நல்ல மாதம், ஸ்வெட்டர் ஒன்று போதும்.

முடிவு வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்று நேற்று இருவருக்கும் போன் வந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். "தனியா போய் உக்கார மாட்டேன்டி. நீ வா."

அதே காலை ரயிலில் டிக்கெட் போட்டேன். கிடைத்தது ஆர்.ஏ.சி.தான். பரவாயில்லை, உட்கார்ந்துகொண்டே போய்விடுவேன்.