ஐந்து போட்ட சந்து

நகரமைப்பு அலுவலகத்தில் அவளை 'மார்க் டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகத் தெருக்களுக்கு மதிப்பெண் போடுவது அவள் வேலை. வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் ஒரு தெரு எவ்வளவு தாங்கும்? வீடுகள் எவ்வளவு தாழ்வில் இருக்கின்றன, தண்ணீர் இறங்க மண் மிச்சமிருக்கிறதா, மீட்பு வண்டி நுழையுமா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று எழுதுவாள். "எங்க தெருவைக் கொஞ்சம் பாஸ் பண்ணி விடுங்க டீச்சர்" என்று பியூன்கூடக் கிண்டலடிப்பார்.

போன மழைக்குப் பிறகு யாரும் கிண்டலடிப்பதில்லை. ஏரியைத் தூர்த்துக் கட்டிய குடியிருப்பில் விடிந்து எழுவதற்குள் ஆள் உயரத் தண்ணீர். அவள் தம்பி அங்கேதான் குடியிருந்தான். மாடியிலிருந்து மெயின் சுவிட்சை அணைக்க இறங்கியவன் திரும்பி ஏறவில்லை. படகு வந்தது. நாலடிச் சந்தில் நுழைய வழியில்லாமல் முனையிலேயே நின்றுவிட்டது.

அந்தச் சந்துக்கு ஆறு வருடம் முன்பு ஐந்து போட்டவள் அவள்தான். ஐந்து என்றால் குடியிருக்கலாம். அப்போது எதிரே பெரிய காலி மனை இருந்தது. பிறகு அதிலும் வரிசையாக வீடுகள் எழும்பின. மறுபடி யாரும் அளக்கவில்லை.

இப்போது அளக்கச் சொல்லிக் கோப்பு வந்தது.

"நீங்க போக வேணாம்மா. வேற ஆள அனுப்பறேன்" என்றார் அதிகாரி.

"பரவால்ல சார். எனக்கு வழி தெரியும்."

டேப்பின் மறுமுனையைத் தம்பி மனைவிதான் பிடித்துக்கொண்டாள். சுவரில் தண்ணீர் நின்ற கறை ஐந்தடி ஏழங்குலம். தம்பியின் உயரம் அவளுக்குத் தெரியும். கறையின் அளவை மட்டும் தாளில் எழுதினாள்.

"எவ்வளவு வருது அண்ணி?"

"ரெண்டு."

"அப்படின்னா?"

"இடிச்சிடுவாங்க. மழைத் தண்ணி தேங்க வெத்து நெலமா விட்டுடுவாங்க. உங்களுக்கு வேற எடம் தருவாங்க."

"அவர் பாத்துப் பாத்துக் கட்டின வீடு அண்ணி."

"தெரியும்மா."

"நீங்க நெனச்சா அஞ்சு போடலாம்ல?"

"போடலாம்."

"போடுவீங்களா?"

"மாட்டேன்."

தனக்கு அழுகை வரும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தாள். வரவில்லை. பென்சில் முனை மழுங்கியிருந்தது கண்ணில் பட்டது. சீவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பதினோரு மாதத்தில் சந்து தரைமட்டமானது. தம்பி மனைவிக்கு ஊரின் மறுகோடியில் மூன்றாவது மாடி கிடைத்தது. சாமான் ஏற்றும் அன்று இவளும் போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக் கொடுத்தாள். கேஸ் இணைப்பை மாற்றுவது பற்றி மட்டும் இருவரும் பேசினார்கள். அதன்பின் பேச்சே இல்லை.

அடுத்த பெருமழையின் மூன்றாம் நாள், மதியம், அலுவலகத்துக்கு போன் வந்தது.

"அண்ணி, இங்க கீழ தெருவுலகூட தண்ணி ஏறல."

"ம்."

"சொல்லணும்னு தோணிச்சு."

"சரிம்மா."

போனை வைத்தாள். நிம்மதியா, துக்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். ஆறிப் போயிருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.